கரீமாவுக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பு வரலாறு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். இமாம் புகாரியின் பயணங்களைப் பற்றிய பகுதி அருமை. ஆனால், கட்டுரை முடியப்போகும் இடத்தில் "கரீமா போன்ற பெண்மணிகளும் இக்கலைக்குத் தொண்டாற்றினர்" என்று ஒப்புக்கு ஒரு வரி எழுதிவிட்டுக் கட்டுரையாளர் நகர்ந்துவிட்டார். பெண்களுக்கும் இடம் கொடுத்தோம் என்று காட்டுவதற்காகச் சேர்க்க வேண்டிய பெயரா அது? இன்று நம் கையில் இருக்கும் புகாரி ஷரீஃபின் (இமாம் புகாரி தொகுத்த ஸஹீஹுல் புகாரியின்) பாடம் யார் யார் வழியாக வந்தது என்று எழுதினால், அவரை விட்டுவிட்டு எழுத முடியாது.

உம்முல் கிராம் கரீமா பின்த் அஹ்மத் அல் மர்வஸிய்யாவின் வாப்பாவுக்கு ஊர் குஷ்மீஹன். இன்றைய துர்க்மெனிஸ்தானில் உள்ள மர்வு நகரைச் சேர்ந்த கிராமம். மகளை அழைத்துக்கொண்டு பைத்துல் முகத்தஸ் (ஜெரூசலம்) வரை போன அந்த மனிதர், பிறகு மக்காவுக்கு வந்து சேர்ந்தார். கரீமா கடைசிவரை நிகாஹ் செய்துகொள்ளவில்லை. மக்காவிலேயே கிதாபு ஓதிக்கொடுத்து, ஏறக்குறைய நூறு வயதில் வஃபாத்தானார். ஹிஜ்ரி 465 என்றும் சொல்வார்கள், 463தான் (கி.பி. 1070-71) சரி என்பது வரலாற்றாசிரியர் இமாம் தஹபியின் முடிவு.

ஸஹீஹுல் புகாரியை அவர் காதால் கேட்டுப் பாடம் பெற்றது அபுல் ஹைஸம் அல் குஷ்மீஹனியிடம் (வஃபாத் ஹிஜ்ரி 389). அபுல் ஹைஸம் கேட்டது ஃபிரப்ரீயிடம் (320). ஃபிரப்ரீயோ இமாம் புகாரியிடமே (256) நேராகக் கேட்டவர். ஆக, இமாமுக்கும் கரீமாவுக்கும் நடுவே இரண்டே பேர். இமாம் மறைந்து இருநூறு ஹிஜ்ரி ஆண்டுகள் ஆன பிறகும் மக்காவில் இப்படி ஒரு ஸனத் (அறிவிப்பாளர் தொடர்) கிடைத்தது. ஆள் குறையக் குறையப் பிசகு நுழையும் இடமும் குறையும் என்பதால்தான் மாணவர்கள் தேடி வந்தார்கள்.

ஸனத் குறுகியது, வயது நூறு என்பதற்காக மட்டும் வந்தார்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கூஃபாவைச் சேர்ந்த அபுல் கனாயிம் அந்நர்ஸீ சொன்ன ஒரு சம்பவத்தைத் தஹபி பதிவு செய்திருக்கிறார். கரீமா தம் பிரதியை எடுத்துக் கொடுக்க, நர்ஸீ எதிரே உட்கார்ந்து ஏழு ஏடுகளை எழுதி, படித்தும் காட்டினார். எழுதியதை மூலத்தோடு தனியே ஒப்பிட்டுக்கொள்ளலாம் என்று அவர் நினைத்தபோது, "முடியாது, என்னோடு சேர்ந்துதான் ஒப்பிட வேண்டும்" என்று கரீமா நிறுத்திவிட்டார். வந்த மாணவரின் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடும் உஸ்தாத் இல்லை அவர். அச்சு இல்லாத காலத்தில் ஒரு புள்ளி இடம் மாறினால் ராவியின் (அறிவிப்பாளரின்) பெயரே மாறிவிடும். அந்தக் கண்டிப்பின் அருமை, அரபு எழுத்து தெரிந்தவர்களுக்குப் புரியும்.

இன்னொரு சாட்சி, பக்தாதின் ஹதீஸ் அறிஞர் கதீப் பக்தாதி. ஹிஜ்ரி 445-ல் ஹஜ்ஜுக்கு வந்த அவர், கரீமாவிடம் ஸஹீஹுல் புகாரி முழுவதையும் ஐந்தே நாளில் ஓதி முடித்தார். திரும்ப வருபவையும் சேர்த்து 7,000-க்கு மேற்பட்ட ஹதீஸ்கள்! வேகத்தைப் பார்த்து வியப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கதீப் இதே கிதாபை, இதே குஷ்மீஹனியின் மாணவரான இஸ்மாயீல் அல் ஹீரியிடம் பக்தாதில் மூன்று அமர்வுகளில் ஏற்கெனவே ஓதியிருந்தார். புதிய ஸனத் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. அப்போதே பேரறிஞர் என்று பெயர் எடுத்திருந்தவர், ஹஜ் கால நெரிசலிலும் கரீமாவிடம் போய் மறுபடி முதலிலிருந்து ஓதினார் என்றால், அது அந்தப் பிரதிக்கும் அதை வைத்திருந்தவருக்கும் கொடுத்த மதிப்பு. "கரீமாவைப் போல ஒருவரை யாராவது பார்த்ததுண்டா?" என்று மர்வு நகரின் அறிஞர் அபுல் முளஃப்ஃபர் ஸம்ஆனீ கேட்டதாக அவருடைய மகன் சொல்லியிருக்கிறார். பெண்களில் ஒருவரை என்று அவர் கேட்கவில்லை.

ஏறக்குறைய முந்நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து இப்னு ஹஜர் அஸ்கலானீ, ஸஹீஹுல் புகாரிக்கு விரிவுரையாக ஃபத்ஹுல் பாரீ எழுதும்போதும், வாசகம் வேறுபடும் இடங்களில் "கரீமாவின் ரிவாயத்தில் (அறிவிப்பில்) இப்படி இருக்கிறது" என்று குறிப்பிடுகிறார். எங்கள் ஊரில் ஆண்டுதோறும் ஒரு மாதம் புகாரி ஷரீஃப் மஜ்லிஸ் நடக்கிறது. பெண்களும் பயான் (சொற்பொழிவு) கேட்கிறோம். ஃபத்ஹுல் பாரீயின் பெயர் அடிபடாத நாள் குறைவு. கரீமாவின் பெயரை ஆலிமா (மார்க்க அறிஞர்) பட்டத்துக்கு ஓதும் பிள்ளைகளிடம் கேட்டால் பாதிப் பேர் விழிக்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன செய்ய, பெரியவர்கள் எழுதுவதே ஒரு வரிதானே.

கட்டுரையோடு ஒரு வரைபடமும் போட்டிருந்தீர்கள். புகாரியிலிருந்து ஃபிரப்ரீ, அங்கிருந்து ஒரே தாவலாக இப்னு ஹஜர். நடுவில் நானூறுக்கும் மேற்பட்ட ஆண்டுகளைக் காணோம். தொடரின் அடுத்த பகுதியில் அதைத் திருத்திப் போடும்போது, ஃபிரப்ரீக்குக் கீழே குஷ்மீஹனி, அவருக்குக் கீழே கரீமா என்று எழுதி, கரீமாவிடமிருந்து கதீபுக்கு ஒரு கோடும் நர்ஸீக்கு ஒரு கோடும் இழுத்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வஸ்ஸலாம்.

வாசகி ஒருவர்,
காயல்பட்டினம்.