அலமாரியை ஆள் வைத்து இழுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தரை ஓடு மாற்றுவதற்காக எங்கள் ஊர் நூலகத்தில் போன வாரம் இரும்பு அலமாரிகளை நகர்த்தினார்கள். புத்தகத்தைப் பாதிகூட இறக்காமல் நான்கு பேர் கயிறு கட்டி இழுத்ததில் ஒன்று சாய்ந்து, ஒருவரின் கால் நசுங்கிவிட்டது. ஒரு மீட்டர் தட்டில் அடுக்கிய புத்தகமே சுமார் 30 கிலோ வரும், ஆறு தட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அலமாரியின் இரு முனையிலும் மாட்டி, சில அங்குலம் உயர்த்தி, நின்றபடியே உருட்டிப்போகிற சக்கர ஜாக்குகள் இருக்கின்றன. பாரத்தால் காயம் வரும் அளவுக்கு யாரையும் தூக்க வைக்கக் கூடாது என்று 2025 வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 34வது பிரிவு சொன்னது. சரி, நூலகம் தொழிற்சாலை இல்லைதான், ஆனால் எங்கே நசுங்கினாலும் கால் கால்தானே? நூலகத் துறையினரே, மாவட்டத்துக்கு ஒரு ஜோடி ஜாக் வாங்கி வைத்து, கேட்கிற நூலகத்துக்கு அனுப்புங்கள்.

ஒரு வாசகர், மதுரை