மானைப் பிடிக்கச் சொல்லும் முன்: எங்கள் நகர் நலச் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், போன ஞாயிறு கூட்டத்தில் கை தூக்கிய அண்ணன்மார், ஆச்சிமார் அனைவருக்கும் வணக்கம்.

"நகருக்குள் திரியும் மான்கள் அனைத்தையும் வனத்துறை பிடித்துச் செல்ல வேண்டும்" என்ற தீர்மானம் கையெழுத்துக்காக வீடு வீடாக வருகிறது. என் வீட்டுக்கும் வந்தது, நான் போடவில்லை. அதற்காக என்னை மான் பக்தன் என்று நினைத்துவிட வேண்டாம். என் வீட்டுச் செம்பருத்தியில் இலை பார்த்து மாதக்கணக்காகிறது.

மான் பெருத்துவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. நான் இங்கே குடிவந்த புதிதில் ஒரு மான் கண்ணில் பட்டால் பிள்ளைகளை எழுப்பிக் காட்டுவோம். போன வாரம் விடியற்காலையில் மாடியில் நின்று எண்ணினேன். காலி பிளாட்டுகளில் மட்டும் முப்பதைத் தாண்டியது, எண்ணுவதை விட்டுவிட்டேன். கண்மாய்க்கு அந்தப் பக்கம் கடலை போட்ட அண்ணன், பழைய சேலைகளை வயலைச் சுற்றிக் கட்டிவிட்டு ராத்திரி முழுக்கத் தகரம் தட்டிக்கொண்டிருக்கிறார். நமக்குப் போவது செம்பருத்தி. அவருக்குப் போவது பொங்கல் செலவு.

சரி, ஏன் இவ்வளவு பெருத்தது? மான் நம்மைத் தேடி வரவில்லை, நாம்தான் அதன் மேய்ச்சல் பொட்டலில் லே-அவுட் போட்டோம். காரைக்குடி 2024-ல் மாநகராட்சியானது. அதற்கும் முன்பிருந்தே ஊர் நாலு பக்கமும் வீங்கிக்கொண்டுதான் இருக்கிறது. மிச்சம் இருக்கிற இடத்தில் தைல மரம் நிற்கிறது. அதற்கடியில் மான் கடிக்கப் புல் கிடையாது. இந்தப் பக்கமோ குழாயடியில் தண்ணீர், தோட்டத்தில் கீரை, மூலைக்கு மூலை எச்சில் இலை. சிறுத்தையும் இல்லை, செந்நாயும் இல்லை. புள்ளிமானுக்குச் சினைக்காலம் ஏழரை மாதம்தான், தீனி இருந்தால் எந்த மாதத்திலும் குட்டி போடும். அந்தமானுக்கு வெள்ளைக்காரன் கொண்டுபோய் விட்ட புள்ளிமான்கள், அடிக்க ஆளில்லாமல் தீவு தீவாய் நீந்திப் பரவி, மரக்கன்றுகளை மேய்ந்து அங்கே காட்டையே கெடுத்துவைத்திருக்கின்றன. நாம் இங்கே ஒரு குட்டி அந்தமானை வளர்க்கிறோம்.

முதலில் தீனி வைத்தவன் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். பிரதோஷத்துக்கு வாங்கும் அகத்திக்கீரையில் ஒரு கட்டு மானுக்கும் என்று ஆரம்பித்தேன். அப்புறம் பக்கத்து வீடு, எதிர் வீடு. இப்போது பழைய சோறு வரை வந்தாயிற்று. இலைதழை தின்னும் வயிற்றில் சோறு போனால் புளித்து உப்பிக்கொள்ளும், புண்ணியமும் அதோடு சேர்ந்து புளிக்கும். போன முகூர்த்தத்துக்கு மறுநாள் மண்டபத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒரு சினைமான் வாழை இலையை இழுத்தது. இலையோடு ஒட்டியிருந்த பாயசக் கப்பும் வாய்க்குள் போனது. மென்றது, நிறுத்தியது, திரும்ப மென்றது. நான் கையைத் தட்டியும் நகரவில்லை. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் செத்த மான்களின் வயிற்றிலிருந்து பிளாஸ்டிக்கைக் கிலோக் கணக்கில் எடுத்த சேதியைப் படித்தபோது எங்கோ நடப்பதாக நினைத்தவன் நான்.

கூட்டத்தில் ஒருவர், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டி கிராமத்தில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, நாமும் அப்படிப் பொறுத்துப் போகலாம் என்றார். நல்ல மனசு. ஆனால் சீசன் முடிந்தால் பறவை பறந்துவிடும். மான் எங்கே போகும்?

பிடித்துக்கொண்டு போவதும் கோழி பிடிக்கிற காரியமில்லை. மான் பயந்த பிராணி. விரட்டிப் பிடிக்கும்போது ஏறும் அதிர்ச்சியிலேயே தசை கெட்டு, லாரியில் ஏற்றிய பிறகும் இரண்டொரு நாளில் சாகும். பிடித்ததில் பாதி பிழைத்தாலும் நம் எச்சில் இலை இங்கேயேதான் கிடக்கும், மீதி மான் அதைத் தின்று திரும்பப் பெருகும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நாமாகக் கை வைக்கவும் முடியாது. வலை கட்டலாம் என்று வாட்சப்பில் எழுதிய தம்பி அதை அழித்துவிடுவது நல்லது. குட்டி தனியாகப் படுத்திருந்தால் தூக்கிவந்து பசும்பால் புகட்டுகிறார்களே, அதுவும் கூடாது. தாய்மான் குட்டியைப் புதரில் ஒளித்துவிட்டுத்தான் மேயப் போகும், திரும்பி வரும்.

அதனால் தீர்மானத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை, மாற்றி எழுதச் சொல்கிறேன். வனத்துறையிடம் நாம் கேட்க வேண்டியது கணக்கெடுப்பு. எத்தனை ஆண், எத்தனை பெட்டை, எத்தனை குட்டி என்று தெரியாமல் பிடிப்பதா விடுவதா என்று யார் சொல்ல முடியும்? அந்தக் கணக்கைப் பார்த்து, கொஞ்சத்தைக் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும் என்று அவர்களே முடிவு செய்தால் முதல் கையெழுத்து நான் போடுகிறேன். தைல மரம் வெட்டும் இடங்களில் புல்லும் நாட்டு மரமும் விடச் சொல்லிக் கேட்போம். கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வேண்டும்.

நம் பங்கு இன்னும் சுலபம். மண்டபத்துக் குப்பையை மூடிய வண்டியில் ஏற்றச் சங்கம் எழுதிக் கொடுக்கட்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத அந்த இரண்டு கிணறுகளுக்கும் சந்தாப் பணத்தில் சுவர் எழுப்பலாம், பிள்ளைகளுக்கும் அது நல்லது. நாய் வளர்ப்பவர்கள் ராத்திரியில் கட்டிப்போட வேண்டும். அகத்திக்கீரையை நான் நிறுத்திவிட்டேன்.

வரும் ஞாயிறு காலை ஐந்தரைக்கு மேல்நிலைத் தொட்டி அருகே நிற்பேன். நாமே ஒருதரம் எண்ணிப் பார்ப்போம். டார்ச் வேண்டாம், நோட்டும் பேனாவும் போதும்.

இப்படிக்கு,
மூன்றாவது குறுக்குத் தெருவில் கடைசி வீட்டுக்காரன்