பொறுமை போதாது, தேதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் கறுப்பின ஊழியர்கள் வேலையிடத்தில் படும் பாட்டைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். பொறுமை, மன உறுதி என்று நிறையவே சொல்லியிருந்தார்கள். அங்கே விவரம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது காலண்டரைத்தான் என்பது மட்டும் விடுபட்டுவிட்டது. வேலையில் நிறம், இனம் பார்ப்பதைத் தடுக்கும் 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் 15 பேராவது வேலை பார்க்கும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். தனியார் ஊழியர் என்றால், சம்பவம் நடந்த 180 நாளுக்குள் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுத்தாக வேண்டும். அந்த மாநிலத்திலும் இதற்கென்று சட்டமும் அமைப்பும் இருந்தால் 300 நாள். கெடு தாண்டினால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். அதனால்தான் நடந்ததை நடந்த அன்றே எழுதி வைக்கிறார்கள்.

நம் டெல்டாவில் நிறம் இருக்கும் இடத்தில் சாதி இருக்கிறது. ஜவுளிக்கடையோ, அரிசி ஆலையோ, அடகுக்கடையோ, வேலை கேட்டுப் போனால் "எந்த ஊரு?" என்பதற்கு அடுத்த கேள்வி "ஊர்ல எந்தத் தெரு?" சேர்ந்த பிறகு நடப்பது இன்னும் நுணுக்கம். எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் டீ, ஒருவருக்கு மட்டும் பேப்பர் கப். கேட்டால், "டம்ளர் பத்தலப்பா" என்பார்கள். துப்புரவு ஆள் வராத நாளெல்லாம் கழிவறை கழுவப் போவதும் அதே ஒருவர்தான். கல்லாப் பக்கம் மட்டும் அவரை விடமாட்டார்கள்.

அரசு வேலை என்றால் அரசியலமைப்பின் 16ஆவது பிரிவு துணைக்கு வரும். தனியாரிடம் அந்தப் பேச்சே இல்லை. பாலியல் தொந்தரவுக்கு இருப்பது போன்ற உள்ளகக் குழுவும் சாதிக்குக் கிடையாது. கையில் மிஞ்சுவது பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். வேண்டுமென்றே இழிவுபடுத்துவதும், சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும் அதன் 3ஆவது பிரிவில் குற்றம். ஆனால் அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். வழக்குகள் பல செத்துப்போவது இங்கேதான். லால்குடியில் வருவாய்த் துறை ஊழியர் ஒருவரை, பட்டா விஷயமாக வந்தவர் அலுவலகத்திலேயே சாதி சொல்லித் திட்டியதாகப் போட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் ரத்து செய்தது. சம்பவம் அறைக்குள் நடந்தது, சக ஊழியர்கள் அதன் பிறகே வந்தார்கள் என்பதுதான் காரணம்.

ஆகவே என்ன சொன்னார்கள் என்பதோடு, யார் காதில் விழுந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். நின்றிருந்த வாடிக்கையாளர், பக்கத்துக் கடைக்காரர், மூட்டை இறக்கிய லோடுமேன் இவர்களின் சாட்சிக்கு, மச்சானின் சாட்சியை விட எடை அதிகம். தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை எல்லாம் அப்படியே இருக்கட்டும். கூச்சப்பட்டுப் புள்ளி வைத்து மறைக்க வேண்டாம். "கேவலமாகப் பேசினார்" என்று மட்டும் எழுதிய புகாரால் பயனில்லை. எழுதியதைப் படமெடுத்துத் தன் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிட்டால் தேதி தானாகப் பதிந்துவிடும். குரல் பதிவு இருந்தால், பதிவு செய்த போனை விற்காதீர்கள், அழிக்காதீர்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி அதனோடு சான்றிதழும் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வந்த பதிவை எதிர்த்தரப்பு வக்கீல் ஊதித் தள்ளிவிடுவார்.

காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, "பேசி முடிச்சுக்குங்க" என்பார்கள். சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்து சேர்ந்ததற்கான ரசீது மட்டுமே, வழக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர். அல்ல. 2018இல் சேர்த்த 18ஏ பிரிவுப்படி, இந்தச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவதற்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையே இல்லை. பதிய மறுத்தால் புகாரை எஸ்.பி.க்கு விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 14566 என்ற உதவி எண்ணிலும் சொல்லலாம். பதிவான வழக்கை டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். 60 நாளில் குற்றப்பத்திரிகை.

புகார் போன மறுவாரமே சரக்கு குறைகிறது, பணம் குறைகிறது என்று எதிர்ப்புகார் வருவது வாடிக்கை. எதை ஒப்படைத்தாலும் அன்றன்றே கையெழுத்து வாங்கிக்கொள்வது ஒன்றுதான் அதற்கு மருந்து. "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று எழுதித் தரச் சொன்னால் தராதீர்கள், வெற்றுத்தாளில் கையெழுத்தும் வேண்டவே வேண்டாம். சம்பளத்தை ரொக்கமாகக் கொடுக்கும் கடைகள் பிறகு "இவர் எங்கள் ஆளே இல்லை" என்று கைவிரிப்பதுண்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் இருந்தால் அந்தப் பேச்சு எடுபடாது.

ஒரு கசப்பான விஷயமும் உண்டு. கிறிஸ்தவத்துக்கு மாறிய தலித் குடும்பங்கள் திருச்சி, தஞ்சைப் பக்கம் நிறைய. அதே தெரு, அதே பேப்பர் கப். ஆனால் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி அவர்கள் பட்டியல் சாதியில் சேராததால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவர்களுக்குக் கைகொடுக்காது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தச் சட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி. என்றைக்குக் கூடுகிறது என்பது புகார் கொடுத்தவருக்கே தெரிவதில்லை. மேட்டூர் நீர்மட்டத்தை நாள் தவறாமல் போடுகிறீர்கள். டெல்டா மாவட்டங்களில் இந்தக் குழு கூடும் தேதியையும் ஒரு வாரம் முன்னதாகவே போடுங்கள்.

இப்படிக்கு,
தொழிலாளர் வழக்குகளைக் கவனித்து வரும் சிலர்,
கும்பகோணம்