கமாரியோதிஸ்ஸா

அன்புள்ள ராஜு,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் தங்கை சொன்னாள். நிம்மதி. சின்னவன் கணக்கில் தேறிவிட்டானாமே, வாத்தியார் பிள்ளை மானத்தைக் காப்பாற்றிவிட்டான்! வெங்கிட்டுவிடம் என் விசாரிப்பைச் சொல். சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்ல?

இஸ்தான்புல்லில் வேலை முடிந்ததும் கப்பல் ஏறி ஹெய்பெலியாதா போனேன். மர்மரா கடலில் இருக்கும் இளவரசர் தீவுகளில் ஒன்று. அரியணை பறிபோனவர்களை, கிழக்கு ரோமப் பேரரசை ஆண்ட பைசாந்தியர்கள் கொண்டுபோய் அடைத்த தீவுகள். உன் பைசாந்திய மன்னன் ரோமனோஸ் 1072இல் கண்களை இழந்து, சாகக் கிடந்தது பக்கத்துத் தீவில்தான். அவனுக்காக விடுதியில் நீயும் வெங்கிட்டுவும் போட்ட சண்டையைக் கப்பலில் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நான் போனது கமாரியோதிஸ்ஸா மாதா கோயிலுக்காக. நடுவே ஒரு குவிமாடம், நாலு பக்கமும் அரைவட்டச் சுவர்கள், அவ்வளவு சிறியது. அதைச் சுற்றி ஒரு பெரிய மடம் இருந்தது. பைசாந்திய மன்னன் எட்டாம் யோவானும் அவன் மனைவி மரியாவும் எடுப்பித்தது, துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளை, அதாவது இன்றைய இஸ்தான்புல்லை, பிடிப்பதற்கு முன் கட்டிய கடைசிக் கோயில் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். "ஆதாரம்?" என்று நீ கேட்பாய், தெரியும். செங்கல் வேலையைப் பார்த்து, இது அவர்கள் காலத்துக்கும் சில நூற்றாண்டு முந்தையது, மன்னன் புதுப்பித்துத் தந்திருப்பான் என்று சொல்கிற அறிஞர்களும் உண்டு. எனக்கு அவர்கள் பக்கம்தான் மனம் சாய்கிறது. கஜானா காலியான மன்னன், இருந்ததைச் செப்பனிட்டு மனைவி பெயரையும் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டான் என்றால் அதில் என்ன குறை?

அந்த மரியாதான் என்னை விடமாட்டேன் என்கிறாள், ராஜு. கருங்கடல் கரையில் இருந்த திரெபிசோந்த் நாட்டு இளவரசி. பர்கண்டியிலிருந்து வந்த பெர்த்ராந்தோன் என்ற பயணி அவளை நகரின் பெரிய கோயிலான ஹாகியா சோஃபியாவில் பார்த்துவிட்டு, அவள் குதிரை ஏறுவதையும் பார்க்க வேண்டும் என்று சோறு தண்ணி இல்லாமல் பொழுது சாயும்வரை காத்துக் கிடந்திருக்கிறான். கல் பதித்த அகலமான காதணியைக்கூட விடாமல் எழுதி வைத்திருக்கிறான். 1437இல் அவள் கணவன் துருக்கியரை எதிர்க்கப் போப்பிடம் படை உதவி கேட்டு இத்தாலிக்குக் கப்பல் ஏறினான். 1439 ஜூலையில் பிளாரன்ஸில், போப்பின் கத்தோலிக்க சபையும் கிரேக்கரின் ஆர்த்தடாக்ஸ் சபையும் ஒன்று என்று கையெழுத்தானது. ஊரில் பெரும்பாலோர் அதை விரும்பவில்லை. 1440 பிப்ரவரியில் அவன் திரும்பி வந்தபோது மரியா இல்லை, டிசம்பரிலேயே இறந்துபோய்விட்டாள். அடுத்த பதின்மூன்று வருடத்தில் நகரமும் போயிற்று.

மடம் மட்டும் அதற்குப் பிறகும் நின்றது. யார் யாரையெல்லாம் வாங்கிக்கொண்டது பார்! முதலாம் எலிசபெத்தின் தூதர் எட்வர்ட் பார்ட்டன், 1596இல் சுல்தானோடு ஹங்கேரிப் போருக்கே போனவர், இந்தத் தீவில் இறந்து கோயில் வாசலில் அடக்கமானார். பிறகு சிரில் லூகாரிஸ். ஐந்தாம் நூற்றாண்டு பைபிள் சுவடியை இங்கிலாந்து அரசனுக்குப் பரிசளித்த பேராயர். 1638இல் சுல்தான் நாலாம் முராத் ஆணைப்படி கழுத்தை நெரித்துக் கடலில் வீசினார்கள். உடல் கரை சேர்ந்து, கடைசியில் இங்கே வந்தது. இங்கிலாந்திலிருந்து வந்தவரும், இங்கிலாந்துக்குச் சுவடி அனுப்பியவரும் ஒரே மண்ணில்.

1831 வாக்கில் மடம் கிரேக்கரின் வணிகப் பள்ளியாக மாறியது. இருபதாம் நூற்றாண்டில் இடம் கடற்படைக்குப் போனது. துறவிகள் போய் மடம் என்ற பேச்சும் போனது. கோயில் இன்றும் கடற்படை வளாகத்துக்குள்தான், அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. காவல் நின்ற பையன், நம்ம சின்னவனைவிட நாலைந்து வயது கூட இருக்கும், சிரித்துக்கொண்டே முடியாது என்று தலையை ஆட்டினான். படகுத்துறைக்குத் திரும்பி, இடுப்பு ஒடுங்கிய கண்ணாடிக் குவளையில் டீயை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆத்திரம்கூட வரவில்லை, தொண்டையை அடைத்தது.

உண்மையிலேயே எனக்குக் கவலையாக இருக்கிறது. மலை உச்சியில் இருக்கும் இறையியல் பள்ளியை 1971இல் மூடியது பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பேசவும் வேண்டும். ஆனால் கீழே இருக்கும் இந்தக் கோயிலை யார் கேட்கிறார்கள்? உள்ளே போக முடியாத இடம் ஒரு தலைமுறையில் மறந்துபோகும்.

அப்புறம், நீ ரிட்டையர் ஆனதும் வருவதாகச் சொல்லி எத்தனை வருடம் ஆயிற்று? பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாயா இல்லையா, அதை முதலில் சொல். அனுமதி கேட்டு இரண்டு பேர் பெயரிலும் மனு எழுதப் போகிறேன். உன் பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதி அனுப்பு, இந்த வாரமே.

அன்புடன்,
சேகர்