பிரிஸ்பேன் விஷயத்தை இப்போதே சொல்லிவிடுங்கள்

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் கிர்ஸ்டி கோவென்ட்ரி அவர்களுக்கும் கமிட்டி உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பேஸ்பாலைப் போன்ற சாப்ட்பால் ஆட்டத்தை நான் ஆடியவள் இல்லை. கிரிக்கெட் பார்த்தே வளர்ந்து, வேலைக்காக அரிசோனாவுக்கு வந்து, மாலையில் போக வேறு இடம் தெரியாமல் பல்கலைக்கழக மைதானத்தில் போய் உட்கார்ந்து உட்கார்ந்தே இந்த ஆட்டத்தைப் பழகிக்கொண்டவள். அதனால் ஆட்ட நுணுக்கம் பேச வரவில்லை. கெய்ட்லின் லோ என்பவர் ஆடிய காலத்தையும் அவர் பயிற்சியாளர் ஆன கதையையும் உங்கள் முன்னால் வைத்து, 2032 பிரிஸ்பேன் ஒலிம்பிக்கில் சாப்ட்பால் உண்டா என்பது பற்றி ஒன்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

லோ இப்போது டூசானில் இருக்கும் அரிசோனா பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளர். அதே அணிக்காக 2004 முதல் 2007 வரை ஆடியவர். 2006, 2007 இரண்டு வருடமும் அந்த அணி தேசிய சாம்பியன். அவருடைய பழைய வீடியோக்கள் கிடைத்தால் ஒருமுறை பாருங்கள். இடது கை பேட்டர். பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர், கையிலிருந்து பந்து கிளம்பும்போதே கால் நகரத் தொடங்கிவிடும், ஓட்டத்தோடு ஓட்டமாகப் பந்தை ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்) பக்கம் தட்டிவிடுவார், ஓடித் தொட வேண்டிய இடங்களான பேஸுக்குப் பேஸ் 60 அடிதான் என்பதால் ஃபீல்டர் குனிந்து எடுத்து எறிவதற்குள் முதல் பேஸைத் தாண்டியிருப்பார். இதை ஸ்லாப் என்பார்கள். டிவியில் ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி, அடிப்பவர்களைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள், எனக்கென்னவோ ஆட்டத்தின் ருசியே இந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது. ஃபீல்டிங்கில் பின்பக்க நடுவில், சென்டர் ஃபீல்டில் நின்றாலும் அதே வேகம். காலை நம்பி ஆடுகிறவர்களுக்கு இருபதுகளின் நடுப்பகுதிதான் பொற்காலம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2005 ஜூலையில் சிங்கப்பூரில் உங்கள் கமிட்டி கூடி, 2012 லண்டனில் எந்தெந்த விளையாட்டு இருக்கலாம் என்று வாக்கெடுப்பு நடத்தியது. சாப்ட்பாலுக்கு ஆதரவு 52, எதிர்ப்பு 52, ஒருவர் வாக்களிக்கவில்லை. பெரும்பான்மை இல்லை என்று ஆட்டம் வெளியே போனது. லோவுக்கு அப்போது 20 வயது. இன்னும் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார், ஒலிம்பிக் பக்கமே போகவில்லை. அதாவது முதல் ஒலிம்பிக்குக்குப் போகும் முன்பே அதுதான் கடைசி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

2008 பெய்ஜிங். லோ ஆடிய அமெரிக்க அணி வரிசையாக ஜெயித்துக்கொண்டே இறுதிக்கு வந்து, ஜப்பானிடம் 3-1 என்று தோற்றது. ஜப்பானின் யுகிகோ உவேனோ முதல் நாள் இரண்டு ஆட்டங்களிலும் மறுநாள் இறுதியிலுமாக 413 பந்துகள் வீசினார். பதக்கம் வாங்கிய பிறகு அமெரிக்க, ஜப்பானிய, ஆஸ்திரேலிய வீராங்கனைகள் சேர்ந்து பேட்டர் நிற்கும் இடமான ஹோம் பிளேட் பக்கத்தில் சாப்ட்பால்களை அடுக்கி 2016 என்று எழுதினார்கள். எங்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற விண்ணப்பம். அடுத்த வருடம் கோபன்ஹேகனில் 2016க்கு கோல்ஃபும் ரக்பியும் வந்தன, இவர்கள் வரவில்லை.

மேடம், அதே பெய்ஜிங்கில் நீங்களும் இருந்தீர்கள். 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் தங்கம், அதோடு மூன்று வெள்ளி. உங்களுக்கு அப்போது 24, லோவுக்கு 23. நீங்களும் ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்காக நீந்தியவர், அவரைப் போலவே அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் உருவானவர். அதற்குப் பிறகு லண்டனுக்கும் போனீர்கள், ரியோவுக்கும் போனீர்கள். பெய்ஜிங் முடிந்ததும் யாரோ வந்து, நீச்சலுக்கு இனிமேல் இடமில்லை, வேறு வேலை இருந்தால் பாருங்கள் என்று உங்களிடம் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. இந்தக் கேள்வியை இதற்கு முன்பு இருந்த தலைவர்களிடம் கேட்டுப் பயனில்லை, உங்களுக்குத்தான் புரியும் என்பதால் கேட்கிறேன்.

ஒலிம்பிக் இல்லாவிட்டால் என்ன, தொழில்முறை லீக் இருந்ததே என்பீர்கள். இருந்தது. லோவும் அதில் யு.எஸ்.எஸ்.எஸ்.ஏ. பிரைட் அணிக்கு ஆடினார். அந்த லீக்கின் வருமானம் எப்படி என்பதற்கு ஒரே ஒரு கணக்கு சொல்கிறேன்: 2016இல் மோனிகா அபாட் என்ற பிட்சருக்கு ஆறு வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் ஒப்பந்தம் என்று பெரிய செய்தி வந்தது, உள்ளே போய்ப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் வருடத்துக்கு 20,000 டாலர்தான், மற்றதெல்லாம் கூட்டம் எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்த போனஸ். உலகத்தின் முன்னணி பிட்சர் நிலைமையே அதுதான். மற்றவர்கள் கோடைக்காலத்தில் ஆடிவிட்டு வருடத்தின் மிச்சத்துக்கு வேறு வேலை பார்த்தார்கள். 2021இல் லீக்கையே மூடிவிட்டார்கள்.

அந்த வேறு வேலைதான் பெரும்பாலும் கல்லூரிப் பயிற்சி. 2008 அமெரிக்க அணியில் மொத்தம் 15 பேர். அதில் லாரா பெர்க் ஓரிகன் ஸ்டேட்டுக்கும், டைரியா ஃப்ளவர்ஸ் லயோலா மேரிமவுண்டுக்கும், ஸ்டேசி நூவ்மன் சான் டியாகோ ஸ்டேட்டுக்கும் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்கள். லோ தன் அரிசோனாவிலேயே நிர்வாக வேலையில் சேர்ந்து, அப்புறம் உதவிப் பயிற்சியாளராகி, 2021 ஜூனில் மைக் கேண்ட்ரியா ஓய்வு பெற்றதும் அவருடைய நாற்காலிக்கு வந்தார். கேண்ட்ரியா சாதாரண ஆள் இல்லை, எட்டு தேசியப் பட்டம் வென்றவர், 2004லும் 2008லும் அமெரிக்க ஒலிம்பிக் அணிக்கும் அவர்தான் பயிற்சியாளர். அப்படிப்பட்டவருக்கு அடுத்து வந்து உட்கார்வது யாருக்குமே சுகமான வேலையாக இருக்காது.

அடுத்த மாதமே டோக்கியோ ஒலிம்பிக். சாப்ட்பாலை அந்த ஒருமுறைக்கு மட்டும் உள்ளே விட்டிருந்தீர்கள். 2008 அணியிலிருந்து அபாட்டும், ஓய்விலிருந்து திரும்பி வந்த 38 வயது கேட் ஆஸ்டர்மனும் ஆடினார்கள். ஜப்பான் பக்கம் 39 வயதில் மறுபடியும் உவேனோ, மறுபடியும் ஜப்பானுக்குத் தங்கம். மூவருமே பிட்சர்கள் என்பதைக் கவனியுங்கள். பிட்சரின் கை பதின்மூன்று வருடம் காத்திருக்கலாம், ஸ்லாப் அடித்து ஓடுகிறவரின் கால் காத்திருக்காது. லோவுக்கு அப்போது 36.

முதல் வருடமே அவர் அணி, கல்லூரி லீக் ஆட்டங்களில் திணறிக்கொண்டிருந்த அணி, வெளியூர் மைதானங்களில் ஜெயித்து அமெரிக்கக் கல்லூரி அணிகளின் தேசியப் போட்டியில் இறுதிக் கட்டமான, ஓக்லஹோமா சிட்டியில் நடக்கும் மகளிர் கல்லூரி உலகத் தொடருக்குப் போய்விட்டது. அங்கே தோற்றால் வெளியே என்ற ஆட்டத்தில் எதிரில் யார் என்றால் லாரா பெர்க்கின் ஓரிகன் ஸ்டேட். பெய்ஜிங்கில் சேர்ந்து வெள்ளி வாங்கிய இருவர் எதிரெதிர் டக்அவுட்டில், அதாவது அணிகள் உட்காரும் இடத்தில். அரிசோனா ஜெயித்தது. அடுத்த வருடம் அதே அரிசோனா, 1986க்குப் பிறகு முதல்முறையாகத் தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை, டூசானில் அவரைத் திட்டாத ஆள் இல்லை. பயிற்சியாளர் பிழைப்பு அப்படி. திட்டுவாங்கிய அடுத்த வருடமே அணியை மறுபடி தேசியப் போட்டிக்குக் கொண்டுவந்தார்.

அவர் பயிற்சியாளர் ஆனதில் எனக்கு வருத்தம் இல்லை. எனக்குச் சந்தோஷம்தான், என் மாலைப் பொழுதுகளே அவர் கையில்தான் இருக்கின்றன. ஆனால் கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று 1972இல் வந்த டைட்டில் 9 என்ற சட்டத்தின் புண்ணியத்தில் அமெரிக்காவில் பெண்கள் கல்லூரி விளையாட்டுக்குப் பணமும் வேலையும் இருக்கின்றன. ஜப்பானில் கம்பெனி அணிகள் இருக்கின்றன. நீங்கள் கதவைச் சாத்தினால் இவர்களுக்காவது ஒதுங்க ஒரு திண்ணை உண்டு. இந்தியாவிலும் பல்கலைக்கழகங்களுக்கு இடையே சாப்ட்பால் போட்டிகள் நடக்கின்றன, அந்தப் பெண்களுக்கு அதற்குப் பிறகு போக என்ன இருக்கிறது? 2023இல் நீங்கள் மும்பையில் கூடி 2028க்கு சாப்ட்பாலைத் திரும்பச் சேர்த்த அன்று எங்கள் நாட்டில் யாரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை, கூடவே கிரிக்கெட் வந்திருந்ததால். சரி, அது எங்கள் பிரச்சினை.

அமெரிக்காதான் எப்போதும் ஜெயிக்கிறது, போட்டியே இல்லை என்று 2004க்குப் பிறகு ஒரு பேச்சு இருந்தது. ஏதென்ஸில் 51 ரன் எடுத்து ஒரே ஒரு ரன் கொடுத்த அணி அது, பேச்சில் நியாயம் இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு நடந்த இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் ஜப்பானுக்கு. இனிமேல் அந்தக் காரணத்தை யாரும் எடுக்க வேண்டாம்.

2028இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் சாப்ட்பால் ஆட்டங்களை ஓக்லஹோமா சிட்டியில் வைக்கிறீர்கள், லோவும் பெர்க்கும் மோதிய அதே மைதானத்தில். நீங்கள் இல்லாத வருடங்களில் கல்லூரி ஆட்டம் பெரிதாக்கிய மைதானம் அது. ஒலிம்பிக்குக்குள் விடுவதும் வெளியேற்றுவதுமாக இருக்கும் விளையாட்டை நம்பி யார் மைதானம் கட்டுவார்கள், யார் லீக்கில் பணம் போடுவார்கள்? இப்போது அமெரிக்காவில் பேஸ்பால் லீக் பணம் போட, 2025இல் புதிதாக ஒரு சாப்ட்பால் லீக் தொடங்கியிருக்கிறது. நல்லது, அது 2029லும் இருக்க வேண்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு ஒலிம்பிக்குக்கும் தனித்தனியாக வாக்கெடுப்பு வைக்காதீர்கள். 2032 பிரிஸ்பேனுக்கும் அதற்கு அடுத்ததற்கும் சேர்த்து, சாப்ட்பால் உண்டா இல்லையா என்று ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள். ஆஸ்திரேலியா 1996 முதல் 2008 வரை நான்கு ஒலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கிய நாடு, அங்கே இடமில்லை என்றால் வேறு எங்கே இருக்கும்? இல்லை என்றுதான் முடிவு என்றால், அதையும் லாஸ் ஏஞ்சலஸ் முடிந்த பிறகு சொல்லாமல் முன்பே சொல்லுங்கள். இப்போது கல்லூரியில் இருக்கும் 20 வயதுக்காரிகள் தங்கள் வருடங்களை எங்கே செலவழிப்பது என்று முடிவெடுக்க அவகாசம் கிடைக்கும்.

இப்படிக்கு,
அரிசோனாவிலிருந்து ஒரு ரசிகை