லஞ்சுக்கு முன்னால் 'தி' வேண்டாம்

லீட்ஸ்

அன்புள்ள தம்பிக்கு,

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுப் பயிற்சிக்கு நீ எழுதின கட்டுரையைப் படித்தேன். பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டைப் பற்றிய பகுதி அருமை. சாப்பாடு வருகிற இடத்தில்தான் ஆங்கில 'தி', 'எ' போடுவதில் சறுக்குகிறாய்.

'ஆஃப்டர் தி லஞ்ச் மை ஃபாதர் வென்ட் டு தி மேங்கோ குரோவ்' என்கிற வரியை எடுத்துக்கொள். தோப்புக்கு முன்னால் இருக்கும் 'தி' இருக்கட்டும், லஞ்சுக்கு முன்னால் இருப்பதை அடித்துவிடு. அன்றாடம் சாப்பிடும் வேளைக்கு எதுவும் சேர்க்கக் கூடாது. 'ஹேவ் பிரேக்ஃபாஸ்ட்', 'பிஃபோர் டின்னர்', 'களி ஃபார் லஞ்ச்' என்று மொட்டையாகத்தான் வரும்.

அந்தச் சாப்பாடு எப்படிப்பட்டது என்று முன்னால் ஒரு சொல் வந்தால் 'எ' அல்லது 'அன்' கூடவே வரும்: 'எ பிக் பிரேக்ஃபாஸ்ட்', 'எ லேட் லஞ்ச்', 'அன் எர்லி டின்னர்'. அதே 'லேட்' பின்னால் போனால் 'எ' கிடையாது: 'வி ஹேட் லஞ்ச் லேட்'. 'சண்டே லஞ்ச்', 'கிறிஸ்துமஸ் டின்னர்' எல்லாம் பெயராகவே ஆகிவிட்டதால் பெரும்பாலும் அப்படியே விடுவார்கள். விருந்து வைத்தால் மட்டும் 'எ டின்னர் ஃபார் தி கெஸ்ட்ஸ்'.

எந்தச் சாப்பாடு என்று குறிப்பாகச் சொன்னால் 'தி' வேண்டும். கிருஷ்ணகிரி பைபாஸில் சாப்பிட்ட டிபனைக் குறை சொல்வதென்றால், 'தி பிரேக்ஃபாஸ்ட் வி ஹேட் தேர் வாஸ் கோல்ட்'.

'மீல்' மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது எண்ணக்கூடிய சொல். 'ஐ ஹேட் மீல்' தப்பு, 'எ மீல்' சரி. நம்ம ஊர் 'மீல்ஸ் ரெடி' போர்டு நினைப்பில் 'ஐ ஹேட் மீல்ஸ்' என்று எழுதினால் பல வேளை சாப்பிட்டதாக அர்த்தமாகிவிடும். 'ஐ டுக் மை லஞ்ச்' என்றும் எழுதாதே. டப்பாவை எடுத்துக்கொண்டு போனாய் என்றுதான் இங்கே நினைப்பார்கள். 'ஹேட்' போடு.

பரீட்சைக்குத் தேவையில்லை, இங்கே வந்தால் உதவும்: யார்க்‌ஷயரில் பல வீடுகளில் மதியச் சாப்பாடுதான் 'டின்னர்', சாயங்காலச் சாப்பாடு 'டீ'. 'கம் ரவுண்ட் ஃபார் டீ' என்று கூப்பிட்டால் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போ. 'எ டீ' என்றால்தான் ஒரு கப் டீ.

திருத்தின பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பு. அம்மா அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா