மில் வளவு பூங்காவாகட்டும்

அன்பின் ரவி மச்சான்,

நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்து, இப்போது தானே பேப்பர் வாசிக்கிறா.

நீ அனுப்பிய, ஜேர்மனியின் டூயிஸ்பேர்க் பூங்காவின் படங்களைப் பார்த்துவிட்டு, அதைப்பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்தேன். 1985இல் மூடிய இரும்பாலையை இடித்துத் தள்ளாமல் பீற்றர் லாட்ஸ் என்பவர் பூங்காவாக மாற்றியிருக்கிறார். இரும்பு உருக்கிய ஊது உலையில் ஏறி ஊரைப் பார்க்கிறார்கள், பழைய வாயுத் தாங்கியில் தண்ணீர் நிரப்பிச் சுழியோடுகிறார்கள். டிக்கெட்டும் இல்லையாம்! நஞ்சேறிய மண்ணை அங்கிருந்த கிடங்குகளுக்குள்ளேயே போட்டு மூடியதும், நடுவே ஓடிய சாக்கடையை நிலத்தடிக் குழாயில் விட்டு, மேலே மழைநீருக்கு வாய்க்கால் அமைத்ததும்தான் என் மனதில் நின்றன.

காரணம் இருக்கிறது. வாவியோரம் நாம் தவிடு வாங்கப் போன நெல்லு மில் ஞாபகமா? மெஷின்களைக் கழற்றி விற்றுக் கனகாலம். அந்தக் காணியைப் பூங்காவாக்குவோம் என்று ஊரில் கதை எழும்பியிருக்கிறது. போன கிழமை நடந்த கூட்டத்தில், கட்டடத்தை உடைத்து, கிரவல் கொட்டி மேடாக்கி, புல் பதித்துக் கேட் போடுவோம் என்றுதான் பலரும் சொன்னார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை, எழும்பிக் கதைத்தேன்.

மார்கழி மழைக்கு, தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரத்து மணலை வெட்டும்வரை வாவித் தண்ணீர் ஏறி நிற்பது அந்த வளவில்தான். அதை மேடாக்கினால் தண்ணீர் பின்வீதி வீடுகளுக்குள்தான் போகும். பள்ளத்தைப் பள்ளமாகவே விடட்டும், கரையில் கண்டல் மரங்கள் வளரட்டும். எஞ்சின் அறை மண்ணில் எத்தனை வருஷத்து டீசலும் கழிவு ஒயிலும் ஊறியிருக்கும்! பிள்ளைகள் விளையாடப்போகும் இடம், மண்ணைப் பரிசோதிக்காமல் புல்லால் மூடக் கூடாது. கூரையில் இருப்பது அஸ்பெஸ்டஸ் சீட். அடித்து உடைத்தால் அந்தத் தூசு நுரையீரலுக்குள் போகும். நனைத்து முழுசாகக் கழற்ற, பழகிய ஆட்கள் வேண்டும்.

நெல் காயப்போட்ட சீமெந்துக் களம் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்டுக்கும் சைக்கிளுக்கும் அதைவிட நல்ல இடம் எங்கே? புகைக்கூண்டும் நிற்கட்டும். அங்கே நெல் துழாவிய பெண்களில் இருவர் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். அவர்கள் கேட்டது வெளிச்சமும் நல்ல கக்கூசும். அது இல்லாவிட்டால் பின்னேரத்துக்குப் பிறகு பெண்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள், அதுதான் உண்மை.

நீ மறுபடி அங்கே போனால் மழைநீர் வாய்க்காலைக் கிட்டப்போய்ப் படமெடுத்து அனுப்பு. கரையை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று தெரியவேண்டும். அடுத்த கூட்டம் மாத முடிவில், அதற்கு முன்னம் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
குமார்
கல்லடி